கேப்டனை அப்பா என்று கூப்பிட்டவள்

தொரெயோன்
பிப்ரவரி 9, 2004

எவரிஸ்தோ,

மூன்று வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே, என்ன கேட்கப் போகிறாளோ என்று நினைப்பாய். கேட்கத்தான் எழுதுகிறேன். ஃபோன் செய்திருக்கலாமே என்பாய். நம் பெண்ணைத் தேடி வந்து தங்கிய இந்த வீட்டு ஃபோனில் நான் யாரோடும் பேசுவதில்லை. மணி அடித்தால் எடுப்பேன். அவள் குரல் இல்லை என்று தெரிந்ததும் வைத்துவிடுவேன். டீச்சர் வேலைக்கு வந்த அராசெலி இந்த ஊரில் காணாமல் போய் அக்டோபரில் எட்டு வருடம் முடிகிறது. அவள் கூப்பிடும்போது லைன் காலியாக இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். 'நட்சத்திரக் கரை' மூன்றாம் பாகத்தை டிவியிலிருந்து பதிந்து வைத்திருந்தேனே, நடுவில் சோப்புப் பவுடர் விளம்பரம்கூட வருமே, அந்த டேப்பை மெஷின் தின்றுவிட்டது. முந்தாநாள்தான். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரே இடத்தையே இத்தனை தடவை திருப்பித் திருப்பிப் போட்டா ரிப்பன் என்னத்துக்கு ஆவும்?" என்று என்னையே திட்டினார். எந்த இடம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனாதைக் குழந்தை நிம்மை விட்டுவிட்டு கேப்டன் ஆலர் விண்கப்பலை நோக்கி நடக்கிற இடம். நிம்முக்குக் குரல் கொடுத்த ஒன்பது வயது அராசெலி, நம் செலி, அவனைக் கூப்பிடுகிற இடம்.

அந்தப் படத்தைத் தவிர அவள் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. பிறந்தநாளில் பதிந்த கேசட்டெல்லாம் 85 நிலநடுக்கத்தில் வீட்டோடு போயிற்று.

குக்கோ கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியிருந்தார். இருபது வருடம் ஆனதைக் கொண்டாட மூன்று பாகத்தையும் டிஸ்க்கில் போடுகிறார்களாம், எல்லாக் குரலையும் புதிதாக டப் செய்கிறார்களாம், டைரக்டர் நீயாம். அது வந்துவிட்டால் டிவியிலும் அதைத்தான் போடுவார்கள். ஒலிப்பதிவில் உட்கார்ந்திருப்பவர் அவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். மற்றவர்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள். நிம்மின் குரலை மட்டும் தொடாதே. அந்த ஒரு காட்சியையாவது விட்டுவை. இதற்கு மேல் உன்னிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

எர்லிந்தா


மெக்சிகோ நகரம்
பிப்ரவரி 20, 2004

எர்லிந்தா,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ கேட்பதைச் செய்ய முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிப் பதிந்தோம் என்று நீயே ஸ்டுடியோவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஒரே மைக், அதைச் சுற்றி எல்லோரும். அவள் குரலும் கேப்டனாகப் பேசிய என் குரலும் இசையும் கப்பல் இரைச்சலும் ஒரே கோட்டில் ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்தெடுக்க வழியில்லை. இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். கேப்டனுக்குக் குரல் கொடுக்கும் ஊரியேல் நல்ல பையன். ஆனால் நிம்முக்குப் பேசும் சிறுமியை அவன் இன்னும் பார்த்ததுகூட இல்லை.

இன்னொன்று. இந்த ஒரு மாதமாக மூன்று பாகத்தையும் ரீல் ரீலாகப் பார்த்துவிட்டேன். நாம் நினைத்துக்கொண்டிருந்த படம் அது இல்லை. முதல் பாகத்தில் கப்பலைக் கட்டித் தொங்கவிட்ட கம்பி பளிச்சென்று தெரிகிறது. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் குமிழ்கள் உன் சலவை மெஷின் குமிழ்களேதான். அந்த விஞ்ஞானிப் பெண் படம் முழுக்கச் செய்யும் விஞ்ஞானம் வீல் என்று கத்துவது மட்டும். ரப்பர் புழு வரும்போது ஸ்டுடியோவில் சின்னவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நாங்கள் அன்றைக்கு உயிரைக் கொடுத்துப் பேசியதெல்லாம் இப்போது கேட்டால் ரேடியோ நாடகம் போல இருக்கிறது, என்னுடையதும்தான். நியாயமாக நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தாலும் தகரத்தாலும் செய்த அந்தக் கப்பல்களுக்கு ஒரு கனம் இருக்கிறது, இன்றைய கம்ப்யூட்டர் கப்பல்களுக்கு அது இல்லை. இரண்டாம் பாகத்தில் எரிபொருள் தீர்ந்து, பேச்சே இல்லாமல் நான்கு நிமிடம் மிதக்கிறார்களே, அது இன்றைக்கும் பழசாகவில்லை.

மூன்றாம் பாகத்தின் அந்தக் காட்சியில் இருப்பது ஒரு பிழை. வெளிநாட்டு மூலத்தில் குழந்தை அவனை 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுகிறது. செலி 'அப்பா' என்று சொல்லிவிட்டாள். உலகம் முழுக்க நிம் ஒரு அனாதை. நம் நாட்டில் மட்டும் அவள் கேப்டனின் மகள். இருபது வருடப் பிழையைத் திருத்த ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, திருத்துகிறேன். வேலை என்றால் அப்படித்தான்.

எவரிஸ்தோ


தொரெயோன்
மார்ச் 1, 2004

மாண்புமிகு டைரக்டர் அவர்களுக்கு,

நீ எழுதியதை நம்பியிருப்பேன். ஆனால் குக்கோவுக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தேன். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. கம்பெனிக்காரர்கள் அந்தக் காட்சியைப் பழைய குரலிலேயே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் எழுதினார்களாம், ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று. நீதான் சிவப்புப் பேனாவால் அடித்து 'திருத்தவும்' என்று எழுதினாயாம். "எனக்கே புரியல எர்லிந்தா, அவன்கிட்டக் கேட்டா எழுந்து வெளிய போயிடறான்" என்று எழுதியிருக்கிறார்.

ஏன்? உன் மகள் உனக்கு என்ன கெடுதல் செய்தாள்?

படத்துக்கு வயதாகிவிட்டது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கம்பியும் குமிழும் என் கண்ணுக்கும் தெரிகிறது, நானொன்றும் குருடியில்லை. என் தெருவில் பஸ் ஓட்டும் ஒருவர் இருக்கிறார், ஹெனாரோ என்று பெயர். கேப்டன் ஆலர் பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் சிவந்துவிடும். "பெத்த பொண்ண மணல்ல நிக்க வெச்சுட்டு நட்சத்திரத்தக் காப்பாத்தப் போறானாம், அவனெல்லாம் ஒரு மனுஷனா?" இருபது வருடமாக அந்த ஆளுக்குக் கோபம் ஆறவில்லை. வேறு எந்த நாட்டில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இப்படிக் கொதிக்கிறார்கள்? நீ பிழை என்கிறாயே, அந்தப் பிழை ஒன்றுதான் அந்தப் படத்துக்கு உயிர். அதை எடுத்துவிட்டால் மிச்சம் உன் ரப்பர் புழுதான்.

சரி, படம் கிடக்கட்டும். உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. அவளை யாரோ எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அங்கே ஒரு டிவி இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தப் படத்தைப் போடாத சேனல் உண்டா? அவள் குரலை அவளே கேட்டால், தான் யார் என்று அவளுக்கு மறக்காது. பைத்தியம் என்று சொல். சொல்லிவிட்டு, நான் கேட்டதைச் செய்.

முகம் எனக்கு மறக்கவில்லை, அதற்குப் படங்கள் இருக்கின்றன. குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. நேற்று அவள் 'அம்மா' என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். என் தங்கை குரலில்தான் கேட்டது. எவரிஸ்தோ, கெஞ்சிக் கேட்கிறேன்.

எர்லிந்தா


மெக்சிகோ நகரம்
மார்ச் 15, 2004

எர்லிந்தா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

84-இல் அந்தக் காட்சியைப் பதிந்த அன்று நீ பல் வலியோடு வீட்டில் இருந்தாய். என்ன நடந்தது என்று உனக்கு நான் வேடிக்கையாகச் சொன்னேன், முழுக்கச் சொல்லவில்லை. ஒரே மைக் என்பதால், ஒருவன் தூரமாகப் போகிறான் என்று காட்ட நாங்களே மைக்கை விட்டுப் பின்னால் நடப்போம். பேசிக்கொண்டே நடந்தேன். அறையில் விளக்கெல்லாம் அணைத்திருந்தது, திரை வெளிச்சம் மட்டும். கையில் தாளை வைத்துக்கொண்டு நின்ற செலி நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். நான் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். அவள் நடிக்கவில்லை. பயந்துபோய், "அப்பா, என்னயும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். நான் கேப்டனுடைய பதிலைச் சொன்னேன். "வந்துடுவேன். இங்கயே இரு." அது பதினான்காவது தடவை, எல்லோரும் களைத்திருந்தோம். திரையில் கேப்டன் என்னும்போது உதடு ஒட்டும் இடமும் அப்பா என்னும்போது ஒட்டும் இடமும் அச்சாகப் பொருந்தின. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுவே இருக்கட்டும் என்றார்.

இது உனக்குத் தெரிந்த கதையின் பாக்கி. இனி சொல்வது உனக்குத் தெரியாதது.

96 அக்டோபரில், அவள் காணாமல் போவதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஸ்டுடியோவுக்கு ஃபோன் செய்தாள். இங்கே நம் வீட்டுக்குச் செய்யவில்லை, நீ பயப்படுவாய் என்று. யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொன்னாள். வந்து தன்னைக் கூட்டிப் போகச் சொன்னாள். எனக்கு ஒரு தொடரின் கடைசி அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. சனிக்கிழமை வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை அவள் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. விசாரித்தவர்களிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. முதல் வாரம் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம், முதல் வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து சொல்லவில்லை. இப்படியே எட்டு வருடம்.

இந்த ஊரில் நான் எங்கே போனாலும் அந்தப் படம் ஓடுகிறது. டாக்கோக் கடையில், முடிவெட்டும் இடத்தில், சந்தையில் திருட்டு டிஸ்க் விற்பவனிடத்தில். அவள் தன்னைக் கூட்டிப் போகச் சொல்கிறாள், வந்துவிடுவேன், இங்கேயே இரு என்று நான் சொல்கிறேன். டாக்சிக்காரர்கள் என் குரலைக் கண்டுபிடித்து, அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். அதை அழிக்க ஒரு வழி கிடைத்தது. அதனால்தான் அந்தச் சிவப்புப் பேனா.

எவரிஸ்தோ


தொரெயோன்
மார்ச் 22, 2004

அவள் என்ன சொன்னாள்?

ஒரு வார்த்தை விடாமல் எழுது. ஆயிரம் பக்கம் வசனம் மனப்பாடம் செய்தவன் நீ, மறந்துவிட்டது என்று சொல்லாதே. யார் பின்தொடர்ந்தான், எந்த வண்டி, எந்த இடம். உன் அழுகை எனக்கு வேண்டாம். அவள் பேசியது மட்டும் வேண்டும்.

எ.


மெக்சிகோ நகரம்
மார்ச் 29, 2004

எர்லிந்தா,

மறக்கவில்லை. ஒரு நாள்கூட மறந்ததில்லை. எங்கள் வழக்கப்படி எழுதுகிறேன், எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

செலி: அப்பா, வேலையா இருக்கீங்களா?
நான்: சீக்கிரம் சொல்லும்மா, ரெக்கார்டிங்குக்கு சிவப்பு விளக்கு போட்டுடுவாங்க.
செலி: ஒண்ணுமில்ல. ஸ்கூல் விட்டு வரும்போது ஒரு வண்டி நிக்குது. சாம்பக் கலர் பிக்கப்பு. மூணு நாளா நிக்குது.
நான்: ரோடுன்னா வண்டி நிக்கத்தான் செய்யும்.
செலி: அந்த ஆளுக்கு என் பேரு தெரியுது. டீச்சர் அராசெலின்னு கூப்பிட்டான். ஐஸ் ஃபாக்டரி பின்னாடி கேட்டுக்குள்ளதான் அந்த வண்டி போவுது, நான் பாத்தேன்.
நான்: எந்தக் குழந்தைக்காவது அப்பனா இருப்பான்.
செலி: அப்பா, என்ன வந்து கூட்டிட்டுப் போங்க.
நான்: சனிக்கிழமை வர்றேன். வந்துடுவேன். அதுவரைக்கும் சாக்கிரதையா இரு.
செலி: சரி. அம்மாகிட்ட சொல்லாதீங்க.

இவ்வளவுதான். அவள் கடைசியாகக் கேட்டதைச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான்.

எவரிஸ்தோ


மெக்சிகோ நகரம்
ஜூன் 14, 2004

எர்லிந்தா,

இரண்டரை மாதமாகப் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இந்தப் பொட்டலத்தில் மூன்றாம் பாகத்தின் டிஸ்க் இருக்கிறது, கடைக்கு இன்னும் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நிம்முக்குப் பேச வந்த சிறுமியின் பெயர் ரெஹினா. கெட்டிக்காரி, முதல் தடவையிலேயே 'கேப்டன்' என்று அழகாகச் சொல்லிவிட்டாள். உதடு, நேரம் எல்லாம் கச்சிதம். ஊரியேலின் பதிலையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். எங்கும் ஒரு குறை இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குக்கோ கொட்டாவி விட்டார். அப்போதுதான் நீ எழுதியது எனக்குப் புரிந்தது. கம்பியும் ரப்பரும் எல்லாம் அப்படியே இருக்க, இருபது வருடமாக அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தவள் நம் பெண்.

பழைய ஒலியை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். என் பதில் அவள் கடைசி எழுத்தின் மேல் ஏறி நிற்கிறது. அவளை வைத்தால் என்னையும் வைத்தாக வேண்டும். அதனால் படம் முழுக்க ஊரியேல் பேசுகிறான், அந்தப் பதினோரு வினாடி மட்டும் கேப்டனுக்கு என் குரல். இசை திடீரென்று பழசாகிறது, இரைச்சல் வருகிறது, காது உள்ள எவனும் கண்டுபிடித்துவிடுவான். கம்பெனியில் சரிபார்ப்பவர்கள் அதைக் குறை என்று எழுதி அனுப்பினார்கள். குறை இல்லை, டைரக்டரின் முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிஸ்க்குகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் விட்டுவிட்டார்கள், என்னை விடவில்லை. இனி அந்த ஸ்டுடியோவில் எனக்கு வேலை கிடையாது. அதில் வருத்தமில்லை.

அவள் ஃபோனில் பேசியதை மறுபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, இங்கே விசாரணை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். வாங்கிய பெண், "எட்டு வருஷமா எங்க சார் போயிருந்தீங்க?" என்று கேட்டாள். முத்திரை குத்திய நகல் பொட்டலத்தில் இருக்கிறது.

நான் அங்கே வரலாமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

எவரிஸ்தோ


தொரெயோன்
ஜூலை 5, 2004

எவரிஸ்தோ,

நகல் வந்தது. டிஸ்க்கும் வந்தது.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த மறுநாளே ஐஸ் ஃபாக்டரிக்குப் போனேன். மூடி ஐந்து வருடமாகிறது. பின்பக்க கேட் துருப்பிடித்துத் திறந்தே கிடக்கிறது. அந்தத் தெருவழியாக எத்தனை தடவை அவள் படத்தை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அந்தக் கேட்டிலேயே ஒட்டியிருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்க்க எனக்கு ஒரு காரணம் இருந்திருக்கவில்லை. காரணம் உன்னிடம் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் உன் கழுத்தை நெரிக்கத் தோன்றுகிறது. இனியும் தோன்றும்.

கேட்டுக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இல்லை. முள்செடியும் மணலுமாக மலை அடிவாரம் வரைக்கும் வெட்டவெளி. பிள்ளைகளைத் தேடும் மற்ற அம்மாக்களிடம் சொன்னேன். நாங்கள் ஒன்பது பேர். ஏப்ரலிலிருந்து ஞாயிறுதோறும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வரிசையாக நின்று, மண் எங்கேயாவது இளகியிருக்கிறதா என்று கம்பால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். இத்தனை வருடம் நான் பஸ்ஸிலும் சந்தையிலும் முகங்களில்தான் அவளைத் தேடினேன். இப்போது தலையைக் குனிந்து தரையில் தேடுகிறேன். இது என்ன தேடல் என்று எனக்குத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

டிஸ்க்கை அவர்களோடு சேர்ந்துதான் பார்த்தேன், தனியாகப் பார்க்கத் தைரியம் இல்லை. ரப்பர் புழு வந்ததும் எங்கள் ஒன்பது பேரில் ஒருவரான செனைதா அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகனைத் தேடி ஆறு வருடம், அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்த இடம் வந்தது. இரைச்சல் வந்தது. அவள் குரல் வந்தது. என் தங்கை குரலே இல்லை, அவளுடையதுதான். பிறகு செனைதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு இதாவது இருக்குடி. என் புள்ள குரல் எனக்கு எங்க இருக்கு?" என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பின்னாலேயே நீ வந்து பொய் சொல்லிவிட்டுப் போகிறாய். இருக்கட்டும். அவளைக் கேட்க வேண்டுமென்றால் உன்னையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

ஃபாக்டரியிலிருந்து மலைவரைக்கும் நாங்கள் நடந்து முடித்தது கால்வாசிதான். ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு மூட்டு வலி.

வா. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கனத்த செருப்பும் கொண்டு வா, ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிடும். உனக்குத் தங்க ஹெனாரோ வீட்டில் சொல்லியிருக்கிறேன், என் வீட்டில் இடமில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறாதே. ஆள் போதவில்லை, அதனால் கூப்பிடுகிறேன்.

எர்லிந்தா